விலாசம் தப்பிய கதிர்

1896 ஜனவரி. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்க்கோஃப் என்ற பல் டொக்டர் ஒரு கண்ணாடித் தகட்டை வாய்க்கு அளவாக வெட்டி, கறுப்புத் தாளில் சுற்றி, எச்சில் ஊறாமல் மேலே ரப்பர் பொதிந்து, தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். சிநேகிதர் ஃபிரீட்ரிஷ் கீசல் கதிர்க்குழாயை முடுக்கினார். 25 நிமிடம் அசையக்கூடாது. மனிதர் அசையவில்லை. ரொண்ட்கென் எக்ஸ்ரே என்ற தன் கண்டுபிடிப்பை உலகத்துக்குச் சொல்லி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அதற்குள் ஒருவர் அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டார். உலகத்தின் முதல் பல் எக்ஸ்ரே அதுதான். டொக்டரும் அவரே, நோயாளியும் அவரே, பிறகு புகார் சொன்னவரும் அவரே: அந்த 25 நிமிடமும் சித்திரவதை என்றார். படம் விழுந்துவிட்ட சந்தோஷத்தில் அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

கீசலுக்கு ஆசை அடங்கவில்லை. ரேடியம் என்று ஒரு புதுச்சரக்கு வந்ததும் அதைப் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கினார். கையில் கட்டி வைத்துத் தோல் புண்ணாகிறதா என்று பார்த்தார். புண்ணானது. குறித்துக்கொண்டார். 1927இல் புற்றுநோயில் இறந்தார்.

அதே 1896இல் நம்ம இலங்கை மலையகத்துப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? கோப்பி செத்துத் தேயிலை ராஜாங்கம் நடந்தது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தாயிற்று. ரயிலில் பீங்கான் கோப்பை வந்தது, விஸ்கி வந்தது, நுவரெலியாத் துரைமாருக்குக் கோல்ஃப் மட்டை வந்தது. கதிர்க்குழாய் மட்டும் வரவில்லை. தோட்டத்து லயத்தில் பல் வலித்தால் கிராம்பு. கிராம்புக்குக் கேட்காவிட்டால் புகையிலை. புகையிலைக்கும் கேட்காவிட்டால் சாராயம். சாராயத்துக்கும் மசியாத பல்லுக்கு டிஸ்பென்சர் ஐயாவின் குறடு. எந்தப் பல் என்று கண்டுபிடிக்கும் கருவி, நோயாளியின் ஆட்காட்டி விரல். வலியில் அந்த விரல் பக்கத்துப் பல்லைக் காட்டிவிட்டால் பக்கத்துப் பல் போகும், வலி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆள் அடுத்த வாரம் திரும்ப வரவேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிழவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் நோயுள்ள பல்லை வைத்துக்கொண்டு நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு நடமாடியிருப்பார்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1872இலேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். அந்தச் சட்டத்தின் மனசில் பேதி இருந்தது, காய்ச்சல் இருந்தது. ஆள் செத்தால் கொழுந்து யார் எடுப்பது என்ற கவலை நிறையவே இருந்தது. கடைவாய்ப் பல் இருந்ததாகத் தெரியவில்லை. பல் இல்லாமலும் கொழுந்து எடுக்கலாம் அல்லவா! 25 நிமிடம் வாயைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் கங்காணி அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, அனுப்பிவிடுவார் என்பதும் ஒருபுறம்.

பல் எக்ஸ்ரேயின் வரலாறு முழுவதுமே ஒரு தபால் குளறுபடிதான் என்று எனக்கு ஓர் எண்ணம். கதிர் போகவேண்டிய வாய்க்குப் போகாது, தேவையில்லாத கையில் போய் விழும். பயமும் அப்படியே. கதிரில் குளித்தவனுக்குப் பயம் வரவில்லை; கதிரைக் கண்ணாலும் காணாதவனுக்கு அது ரிஜிஸ்டர் தபாலில் வந்து சேர்ந்தது.

சரக்கு மட்டும் நம்ம மலையில் தாராளமாக இருந்தது. 1904இல் சேர். முத்து குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி, பின்னாளில் நடராஜரின் ஆட்டத்தைப் பற்றி எழுதி உலகப் பேர் வாங்கப்போகிறவர், இலங்கைக் கனிமவள அளவையின் தலைவராக இருந்தார். மலைநாட்டின் தெற்குச் சரிவில் பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக்கல் அரிக்கிறவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சரளையில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டிகள். கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சின பாரம். யுரேனியக் கனிமம் என்று முதலில் நினைத்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே சோதித்துப் பார்த்தால் முக்கால்வாசி தோரியம். தோரியனைட் என்று பேர் வைத்தார்கள்.

அந்த நேரம் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் வாலிபர் லண்டனில் இருந்தார். வந்த காரியம் இங்கிலீசு படிப்பது. வேலை கிடைக்க இங்கிலீசு வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நோய் நம்ம ஊரில் மட்டும் இல்லை. வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் போய் நின்றவரிடம் ராம்சே இலங்கைத் தோரியனைட்டில் இருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்துக் கொடு என்றார். ஹானுக்குக் கதிரியக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத தைரியத்தில் 1905இல் ரேடியோதோரியம் என்ற புதுப்பொருளையே கண்டுபிடித்துவிட்டார். அணுவைப் பிளக்கலாம் என்று 1938இல் காட்டப்போகிறவரின் கதிரியக்க உத்தியோகம், நம்ம மலையடிவாரத்துச் சரளைக் கல்லில் தொடங்கியது. கல் போனது, பேர் போனது, நோபல் பரிசும் அந்தப் பக்கமே போனது. நமக்கு மிஞ்சியது கிராம்பு.

தோரியம் திரும்பிப் பல்லுக்கே வந்தது, அதுவும் வேடிக்கையான உருவத்தில். பெர்லினில் அவுவர் என்ற கம்பனி டோராமாட் என்று ஒரு பற்பசை விற்றது. தோரியம் கலந்தது. பல்லைப் பாதுகாக்கும், ஈறுக்குப் புத்துயிர் தரும் என்று விளம்பரம். இரண்டாம் உலகப் போர் முடிகிற தறுவாயில் பாரிஸில் இருந்த தோரியச் சரக்கையெல்லாம் ஜெர்மன்காரர் வாரிக்கொண்டு போனதைக் கண்டு அமெரிக்க உளவாளிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அணுகுண்டு! விரட்டிக்கொண்டு போய் ஆளைப் பிடித்து விசாரித்தால், சண்டை முடிந்தபிறகு பற்பசை வியாபாரத்துக்கு வேண்டும் என்று வாங்கி வைத்தார்களாம். நம்ம லயத்தில் பல் விளக்குவது அடுப்புச் சாம்பலாலும் கரித்தூளாலும். அறிவியல் முன்னேறிய நாட்டில் பல் விளக்குவது கதிரியக்கத்தால். கரியில் கதிரியக்கப் பயம் இல்லை, ஈறுதான் கொஞ்சம் கறுக்கும்.

அமெரிக்காவில் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. நியூ ஓர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் டொக்டர் 1896இலேயே எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டவர். அந்தக் காலத்தில் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, தன் கையைக் குறுக்கே நீட்டி எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் ஒரு தரம். வருடக்கணக்காக. முதலில் தோல் வெடித்தது, பிறகு விரல் போனது, பிறகு கை போனது. அடுத்தடுத்து அறுவை. வலி தாங்காமல் 1928இல் தன்னையே சுட்டுக்கொண்டார்.

இவ்வளவும் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்ன ஓர் ஆளும் இருந்தார், அவரும் பல் டொக்டர்தான். பொஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் 1901இல் கினிப் பன்றிகளைக் கதிரில் வைத்துப் பார்த்தார். செத்துப்போயின. குழாயை ஈயக் கூட்டுக்குள் அடை, கதிர் ஊடுருவாத கண்ணாடி போடு, பார்க்கவேண்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் கதிரைப் படவிடாதே என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். பன்றி வேறு, மனுஷன் வேறு என்று பெரிய மனுஷர்கள் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குப் பல் எக்ஸ்ரே அறையில் இருக்கும் பாதுகாப்பு முறைகளில் பெரும்பகுதி அந்த மனிதர் அன்றைக்கே எழுதிவைத்தது. ஒரு தலைமுறை டொக்டர்களின் விரல்களைக் கழித்தபிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மலையகத்துப் பல் உலகப் புகழ் பெற்ற கதை இது. பூண்டுலோயாவில் டன்சினேன் என்று ஒரு தோட்டம். ஸ்கொட்லாந்துத் துரைமார் ஊர் ஞாபகத்தில் வைத்த பேர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் கடைசியில் மாட்டிக்கொள்ளும் மலை. அந்த நாடகத்தின் ஆரம்பத்திலேயே நோர்வேக்காரன் படையெடுத்து வந்து அடிவாங்கிக்கொண்டு போவான். 1970இல் டன்சினேனுக்கு நிஜமாகவே நோர்வேக்காரன் வந்தான். இந்தத் தரம் கையில் வாளுக்குப் பதிலாக, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ஈறுக்கம்பி. 2002இல் சமாதானம் பேச வந்த நோர்வேயைத்தான் நாடறியும். நாட்டில் ஆடிக்கொண்டிருந்த பல்லை அவர்கள் அதற்கு முப்பது வருடம் முன்பே அளந்துவிட்டுப் போனது பலருக்குத் தெரியாது.

வந்தவர் ஹெரால்ட் லோ, ஈறு நோய்த் துறையில் பெரிய தலை. அவருக்கு ஒரு கேள்வி: ஈறு நோயை யாருமே தொடாமல் விட்டால் அது எப்படிப் போகும்? ஒஸ்லோவில் 1969இல் 565 மாணவர்களையும் படித்தவர்களையும் பிடித்துவிட்டார். அவர்கள் சின்ன வயதில் இருந்தே பல் டொக்டரின் மேற்பார்வையில் வளர்ந்தவர்கள். எதிர்ப்பக்கத்துக்குப் பல் டொக்டரைக் கண்ணாலும் காணாத ஆட்கள் வேண்டும். பூமிப்பந்தைச் சுற்றிப் பார்த்தார். டன்சினேனிலும் ஹரோ தோட்டத்திலும் 480 ஆண் தொழிலாளிகள் கிடைத்தார்கள். வயது 14 முதல் 31. வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார்கள். துரை சொன்னாலும் டொக்டர் சொன்னாலும் திறப்பதுதானே நம்ம பழக்கம்.

அளக்க வந்தது 1970இல் இருந்து 85வரை பலமுறை. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு டொக்டர்கள். இடையில் நாட்டில் நடந்ததைப் பாருங்கள்: 71இல் கிளர்ச்சி, 72இல் நாட்டின் பேரே மாறியது, 73, 74இல் தோட்டங்களில் பசிச் சாவு, 75இல் கம்பனித் தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்கு, 77இலும் 83இலும் லயம் எரிந்தது. நோர்வே டொக்டர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஈறு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காட்டு யானையைக் கவனிக்கிற ஆராய்ச்சிக்காரர் யானை சேற்றில் விழுந்தாலும் கைகொடுக்கமாட்டாராம், கொடுத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். நம்ம ஈறுக்கும் அதே மரியாதை.

1986இல் வந்த முடிவு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல் படிக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 8 வீதம் பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது: 35 வயதில் பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் சராசரி 9 மில்லிமீட்டர் கழன்று, 45இல் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 வீதம் பேருக்கு மெதுவாகப் போனது. 45இல் சராசரி ஏழு பல் இழப்பு. மீதி 11 வீதம்தான் வேடிக்கை. வாய் முழுக்க ஊத்தையும் காறையும் இருந்தும், ஈறு வீங்கியதோடு சரி, பல் அசையவே இல்லை. எந்தத் தோட்டத்திலும் ஒரு கிழவர் இருப்பாரே, எழுபதிலும் கரும்பு கடித்துக்கொண்டு 'நாங்கல்லாம் பிரசா கண்டோம்' என்று நம்மை நக்கல் பண்ணுபவர், அவருடைய கட்சி. அவருக்குப் புள்ளிவிவரம் கொடுத்ததை நான் லோவுக்கு மன்னிக்கமாட்டேன். சூத்தைப்பல் என்பதே இவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்பது இன்னொரு ஆச்சரியம். சீனிக்குக் கூப்பனும் கியூவும் இருந்த நாட்டில் எங்கிருந்து சூத்தை வரும்?

பாடப்புத்தகம் இவர்களை 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 1948 சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பங்கு பிரிக்கப்பட்ட சனம். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு 2003 ஆயிற்று. பல் டொக்டர்கள் 1978இல் வந்த கட்டுரையிலேயே கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பப் பத்திரம் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆடுகிற பல்லைக் காட்டினால் போதும். 480 பேரில் 1985இல் கணக்குக்கு வந்தது 161 பேர். மற்றவர்களில் எத்தனை பேர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இறங்குமுகமான ஈறோடு இராமேஸ்வரத்தில் இறங்கினார்களோ. 2010இல் மறுபடி தேடிப் போனபோது கிடைத்தது 75 பேர்.

ஈறுக்கம்பி வெளியே இருந்து குத்தி அளப்பது. உள்ளே எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா, இரண்டு பல்லுக்கு நடுவில் சூத்தை ஒளிந்திருக்கிறதா என்பதெல்லாம் படம் எடுத்தால்தான் தெரியும். டன்சினேனில் ஈறு இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் உலகத்தில் அதற்கான கருவிகள் எல்லாம் ஏறக்குறைய வந்தாயிற்று. ஒரு பல்லின் வேர் நுனிவரை காட்டும் சின்னப் படம், வால்க்கோஃப் கடித்துக்கொண்டிருந்ததின் பேரப்பிள்ளை. மேல்பல்லும் கீழ்பல்லும் கடிக்கும் இடத்தைக் காட்ட, ஒரு சிறகு ஒட்டிய ஃபிலிமைக் கடிக்கவைக்கும் யோசனை அமெரிக்காவில் ஹோவர்ட் ரேப்பருக்கு 1925இல் வந்தது. பல்லிடுக்குச் சூத்தையும் எலும்பின் மேல்விளிம்பும் அதில்தான் நன்றாகத் தெரியும். தாடை முழுவதையும் ஒரே படத்தில் விரிக்கும் ஓ.பி.ஜி. பின்லாந்துக்காரர் பாட்டெரோவின் வேலை. 1940களின் கடைசியில் இருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு சாதித்தார். அதில் உங்கள் வாய்க்குள் ஒன்றும் திணிக்கமாட்டார்கள். நீங்கள் தாடையை ஒரு தட்டில் வைத்து நிற்க, கருவிதான் பதினைந்து விநாடிபோல உங்களைச் சுற்றிவரும். கோயிலில் நாம் சாமியைச் சுற்றியதற்கு ஒரு தரமாவது ஒன்று நம்மைச் சுற்றுகிறதே என்று ஒரு திருப்தி.

பல் கோணலை நேராக்குகிறவர்கள் பக்கவாட்டில் மண்டை முழுக்க எடுக்கும் படம் 1931இல் இருந்து உண்டு. ஃபிலிமைக் கழுவிக் காயப்போடும் இருட்டறையை ஒழித்து, படத்தை நேராகத் திரையில் கொண்டுவரும் ஆர்.வி.ஜி.யைப் பிரான்சின் முயென் 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1990களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் கூம்புக் கதிர் ஸ்கேன் பிறந்தது, சி.பி.சி.டி. என்பார்கள், தாடையை முப்பரிமாணத்தில் வெட்டி வெட்டிக் காட்டும். திருகிப் படுத்திருக்கும் ஞானப்பல் நரம்பை எங்கே தொடுகிறது என்று பார்க்க, தாடையில் திருகாணி வைத்துப் பல் கட்ட, அது தேவை. ஆடுகிற ஒரு பல்லுக்கு அது தேவையில்லை. கருவி வாங்கிய கடன் அடையும்வரை எல்லோருக்கும் தேவைப்படும் கிளினிக்குகளும் உலகத்தில் உண்டு. அங்கே உங்கள் பயத்தைக் கொஞ்சம் செலவழிக்கலாம்.

பயம் என்றதும் கணக்குக்கு வருவோம். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணும் கல்லும் காற்றும் வானமும் நமக்குக் கதிர் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட், அதாவது நாளைக்கு ஆறரை மைக்ரோசீவெர்ட். இன்றைய சின்னப் பல் படம் ஒன்றுக்கு ஐந்து மைக்ரோசீவெர்ட்டுக்குள், ஒரு நாள் பாடு. ஓ.பி.ஜி. பத்தில் இருந்து இருபத்தைந்து, மிஞ்சிப்போனால் நாலு நாள். கூம்புக் கதிர் ஸ்கேன்தான் கருவிக்கும் எடுக்கும் அளவுக்கும் தக்கபடி சில பத்தில் இருந்து ஆயிரம்வரை போகும். வால்க்கோஃபின் 25 நிமிடம் இன்றைக்கு ஒரு விநாடியில் ஒரு துணுக்கு. உயரம் ஏற ஏற வானத்துக் கதிர் கூடும். ஏறத்தாழ ஒவ்வொரு 1,500, 2,000 மீட்டருக்கும் இரட்டிப்பாகும். நுவரெலியா 1,868 மீட்டர். ஏப்ரல் சீசனுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கொழும்பில் இருந்து தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருகிறார்களே, ஒருவராவது ஈயக் கவசம் போட்டு வந்து பார்த்திருக்கிறீர்களா?

இப்போது அட்டன் டவுனில் ஒரு பல் கிளினிக். பாட்டிக்கு எழுபது இருக்கும். பேரன் கூட்டிவந்திருக்கிறான். கீழ்த்தாடையில் ஒரு பல்லுக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் பாட்டி எழுந்துவிட்டார்.

"எக்ஸ்ரேயா? வேணாம் தம்பி. அத எடுத்தா கேன்சர் வருமாம். எங்க லயத்துல எல்லாரும் சொல்றாங்க."

சொல்லும்போது இடது கன்னத்தில் ஓர் உருண்டை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பதினான்கு வயதில் கன்னத்துக்குள் குடியேறியது, தூங்கும்போது மட்டும் வெளியே வரும். புகையிலை வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெறும் பாக்குக்கூட உண்டாக்கும் என்று 2004இல் சேர்த்தது. இந்த நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இத்தனையும் கன்னத்தில் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, ஒரு நாள் இயற்கைக் கதிர் அளவுகூட இல்லாத படத்துக்குப் பாட்டி கதவைப் பார்த்து நடக்கிறார். நான் சொன்ன தபால் குளறுபடி இதுதான்.

"அம்மாயி, வாயில இருக்குறத துப்பிட்டு உக்காருங்க. அதுதான் கேன்சர், இது ஃபோட்டோ" என்றார் டொக்டர்.

பாட்டிக்குக் கேட்ட பாதி 'ஃபோட்டோ'. முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். படம் எடுக்கிற பிள்ளை சிங்களப் பிள்ளை. சென்சரை நாக்குக்குக் கீழே இறக்கியதும் பாட்டிக்கு ஓங்காளம் வந்தது. மூக்கால் மூச்சு விடச் சொல்லிப் பேரன் கத்தினான். "ஹெல்லென்ன எபா" என்றது பிள்ளை. பாட்டி தலையை நன்றாக ஆட்டி ஆமோதித்தார். ஆடவேண்டாம் என்றுதான் சொன்னது என்று பேரன் சொல்லி முடிப்பதற்குள் முதல் படம் போயிற்று. பல்லுக்குப் பதிலாக ஒரு மேகமூட்டம். தேவையில்லாமல் கதிர் கூடுவது பெரும்பாலும் கருவியின் குற்றத்தால் இல்லை, இப்படித்தான்: ஆடிப்போன படம், கோணம் தப்பிய படம், போன மாதம் வேறிடத்தில் எடுத்து வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி மறந்துபோன படம். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள், பிள்ளைத்தாய்ச்சி என்றால் முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால் துரத்திவிடமாட்டார்கள், அவசியமானால் பாதுகாப்பாக எடுக்கவும் வழி உண்டு. எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்பதும் தப்பில்லை. பதில் சொல்லத் தெரியாதவர் எடுக்கவேண்டாம்.

இரண்டாவது படத்தில் பல் விழுந்தது. பிள்ளை ஆறடிக்கு அப்பால் போய் நின்று பொத்தானை அழுத்தியதைப் பார்த்ததும் பாட்டிக்குப் பழைய சந்தேகம் திரும்பியது.

"ஒண்ணுமில்லன்னா அந்தப் புள்ள எதுக்கு ஓடுது?"

நியாயமான கேள்வி. பாட்டிக்கு வருடத்துக்கு ஒன்று இரண்டு. அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க அதுதான் வேலை. எட்மண்ட் கெல்ஸ் ஓடவில்லை, அவருக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். டொக்டர் அவ்வளவு நீளமாகப் போகவில்லை. "அவ தினமும் அம்பது பேருக்கு எடுக்கணும் அம்மாயி" என்று முடித்துக்கொண்டார்.

திரையில் படத்தைக் காட்டினார்கள். அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு பாதிக்குமேல் இல்லை. பாட்டி எந்தக் கட்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, 81. பல்லை எடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். இந்தத் தரம் பக்கத்துப் பல் தப்பியது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 பெப்ரவரியில், பல் எக்ஸ்ரே எடுக்கும்போது ஈயக் கவசமும் கழுத்துப் பட்டியும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய கருவியில் கதிர் அவ்வளவு ஒடுங்கிப் போகிறது. கவசத்தால் வரும் பலன் ஒன்றுமில்லை, சில சமயம் படத்துக்குள் அதுவே வந்து மறைத்து மறுபடி எடுக்கவைக்கிறது. கவசத்தைவிடக் கதிரைச் செவ்வகமாகக் குறுக்குவதும், வேகமான ஃபிலிமோ சென்சரோ போடுவதும், வேண்டாத படத்தை எடுக்காமல் விடுவதுமே மேல். ரோலின்ஸ் 1901இல் சொன்னதில் ஈயத்தைக் குழாயைச் சுற்றிப் போட்டது போதும், ஆளைச் சுற்றி வேண்டாம் என்று ஒருவழியாக முடிவாயிற்று.

அட்டனுக்கு அந்தச் சேதி வரவில்லை, பாட்டிக்கு நெஞ்சில் இருந்து முழங்கால்வரை கவசம் போட்டிருந்தார்கள். படம் எடுத்து முடிந்து அதைக் கழற்றப் போன பிள்ளையின் கையைப் பாட்டி பிடித்துக்கொண்டார். வெளியே மழை, ஜன்னலில் பனிமூட்டம்.

"இருக்கட்டும் புள்ள, குளிருக்கு நல்லாத்தான் இருக்கு. பல்ல புடுங்குன பொறகு எடுத்துக்க."